டோனி சொல்லாத சொல்

செத்துப்போன ஒரு குழந்தையின் வாயில் நான் ஒரு வரியைப் போட்டேன். அவன் சொல்லாத வரி. அதை அவன் அக்காவை மனப்பாடம் செய்யவும் வைத்தேன்!

ஆம், நானேதான். நாஞ்சில்நாட்டு வயற்காட்டு ஊரில் பிறந்த தமிழாசிரியை. பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதில் என்னை அடிக்க ஆளில்லை என்று பெயர் வாங்கியவள். என் பள்ளிக்கூட அலமாரி நிறையக் கேடயங்கள். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் வேர்.

சுனாமி வந்துபோன சில வாரங்களில், இனயம் பக்கத்து முகாம் ஒன்றில் குழந்தைகளைத் தேற்ற என்னை அனுப்பினார்கள். அதற்கு ஏதோ பயிற்சியும் தந்தார்கள். 'பேச விடுங்கள்' என்று அவர்கள் சொன்னது என் காதில் 'பேச வையுங்கள்' என்றுதான் ஏறியது. பேச வைப்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும்?

அங்கேதான் ஜெனியைக் கண்டேன். பத்து வயது. தம்பி டோனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள். தண்ணீர் அவனைப் பிடுங்கிக்கொண்டது. முதல்முறை அவள் சொல்லி முடித்ததும் நான் கேட்டேன், "அவன் ஏதாவது சொன்னானா மக்கா?"

"ஒண்ணும் சொல்லேல டீச்சர். தண்ணிக்க சத்தம்தான் கேட்டுது."

நடந்தது அவ்வளவுதான். அது எனக்குப் போதவில்லை... கேட்டீர்களா? போதவில்லை!

முகாமைப் பார்க்க நாள்தோறும் ஆட்கள் வந்தார்கள். காரைவிட்டு இறங்கியதும், "பாதிக்கப்பட்ட குழந்தை யாராவது பேசுமா?" என்பார்கள். நான் ஜெனியை அவர்கள் முன்னால் நிறுத்துவேன். எங்கே குரலைத் தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, எல்லாம் பழக்கினேன். முடிவு மட்டும் சப்பென்று இருந்தது.

"'அக்கா, கைய விட்டிராத'ண்ணு அவன் கத்துனதாச் சொல்லு மக்கா. கேக்கியவங்களுக்கு மனசு இளகும்."

"அவன் கத்தலியே டீச்சர்."

"கத்தாம இருந்திருப்பானா? உனக்குக் கேட்டிருக்காது. சொல்லு."

சொன்னாள். வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஓர் அம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டு, "பிள்ளையை எவ்வளவு அழகாகப் பேச வைத்திருக்கிறீர்கள்!" என்றாள். நான் பூரித்துப்போனேன். தூ!

குழந்தைகளின் மனநலம் படித்த இளம்பெண் ஒருத்தியும் முகாமுக்கு வந்திருந்தாள். என்னைத் தனியே அழைத்து, "திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீங்க மேடம். அவளா வாய் திறக்கும்போது பக்கத்துல இருந்து கேட்டாப் போதும். இப்ப விளையாட விடுங்க" என்றாள். நேற்று முளைத்தது எனக்குப் பாடம் எடுக்கிறதா என்று பற்றிக்கொண்டு வந்தது. முகத்திலடித்தாற்போல் பேசி அனுப்பினேன்.

மறுநாள் கார் சத்தம் கேட்டது. மணலில் கட்டம் கீறி நொண்டியாடிக்கொண்டிருந்த ஜெனி ஆட்டத்தைப் பாதியில் விட்டு வந்தாள்.

"இண்ணைக்கு அழணுமா டீச்சர், இல்ல சும்மா சொன்னாப் போருமா?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "அழுதா நல்லாருக்கும் மக்கா" என்றேன். அடி பாவி!

பல ஆண்டுகள் கழித்துத் தலைசுற்றல் என்று குலசேகரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரஷர் பார்க்க வந்த நர்ஸ், ஜெனி! என்னை அடையாளம் கண்டு, கட்டிலோரம் உட்கார்ந்து பேசினாள்.

"இப்பவும் உறக்கம் சரியில்ல டீச்சர். அவனுக்க முகம்கூட மங்கிப்போச்சு. ஆனா 'அக்கா, கைய விட்டிராத'ண்ணு அவன் கத்துனது மட்டும் காதுக்குள்ளயே கிடக்குது. எப்பிடியாவது பிடிச்சிருக்கலாம்லா? அவன் அவ்வளவு சொல்லியும் நான் விட்டுட்டேன்லா?"

வாயைத் திறந்தேன்... அவன் கத்தவில்லை மக்கா, அது நான் போட்டது. இவ்வளவுதானே சொல்ல வேண்டும்? ஆனால் அவள் கண்ணில் என்மீது அப்போதும் மரியாதை இருந்தது. அதை இழக்க மனம் வரவில்லை. "எல்லாம் சாமி பாத்துக்கிடும்" என்றேன்.

"பிரஷர் கூடியிருக்கு டீச்சர். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றாள் அவள்.

கிளம்பும்போது தன் நம்பரை என் போனில் பதிந்து தந்தாள். இன்றுவரை நான் கூப்பிடவில்லை.

இதோ, உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கே நிறுத்தினால் உங்கள் மனம் இளகும் என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. ஆனால் நீங்கள் கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியவள் டூட்டி முடிந்து இந்நேரம் படுத்திருப்பாள்... டோனியின் குரலில் என் வரி அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.