பெண் பார்க்க ஒரு மூன்று பூங்கா டிக்கட்

சனிக்கிழமை காலை ஆறு மணி தாண்டி, கொழும்பு பஸ் எங்கள் மூவரையும் பதுளை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது. அப்பா, தம்பி தினேஷ், நான். பெரகலையில் ஏறத் தொடங்கிய வளைவுகள் பதுளை வரை விடவில்லை. தினேஷ் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பாமல், மடியில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டு வந்தான். அது பெண் பார்க்கப் போகும்போது போடுவதற்கென்று இஸ்திரி போட்டு எடுத்து வந்த சட்டை. நிலையத்துக் கழிவறையில் அதைப் போட்டுக்கொண்டு வந்தவன் என்னிடம் மெல்லச் சொன்னான்.

"அக்கா, இதுவும் சரிவரலன்னா இனி என்னைக் கூட்டிட்டு அலையாதீங்க."

இதற்கு முன் நான்கு வீடுகளில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். கூச்சத்தில் அவன் எங்கேயும் வாய் திறக்கவில்லை. இரண்டு வீட்டில் பையன் ஊமையா என்று தரகரிடம் விசாரித்திருக்கிறார்கள்.

இந்த முறை பெண் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். பெயர் கௌசல்யா. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற மிட்வைப் மிஸ்ஸி. தட்டில் தேத்தண்ணி ஏந்திக்கொண்டு வந்து நிற்க மாட்டேன், பொது இடம் ஒன்றில் ஒரு மணித்தியாலம் பேசலாம், பிடிக்காவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஹாலிஎலைக்கு அப்பால் புதிதாகத் திறந்திருக்கும் நீர்ப் பூங்காவை இடமாகச் சொன்னவளும் அவள்தான். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப் போனது. ஒன்பதரைக்குச் சந்திப்பு, பத்தரைக்கு முடிவு, பகல் பஸ்ஸில் கொழும்பு.

ஆனால் எங்களோடு அப்பா வந்திருந்தார்.

அப்பா புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் முப்பது வருடம் நின்றவர். கழிவு விலை என்று எங்காவது எழுதியிருந்தால் அதைக் கடந்து போக அவருக்குக் கால் வராது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற வகையில் எங்கள் வீட்டில் ஒன்பது வாளி இருக்கிறது. பூங்காவுக்கு வந்து சேர்ந்ததும், நானும் தினேஷும் அங்கிருந்த கழிவறைக்குப் போய்த் தலைசீவி வருவதற்குள் அவர் வாசலில் டிக்கட் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே ஒரு பெண்பிள்ளை பலகையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். இந்த முதலாளிக்கே மூன்று பூங்கா. இங்கே நீர்ப் பூங்கா, தெமோதரைக்கு மேலே மலை விளிம்பில் கயிற்றுப் பூங்கா, அப்புத்தளையில் பூந்தோட்டமும் சின்ன ரயிலும். தனித்தனியாக எடுத்தால் ஆளுக்கு ஒவ்வொன்றும் இரண்டாயிரம் ரூபா. மூன்றும் சேர்த்து எடுத்தால் நாலாயிரத்து ஐநூறு. இரண்டு நாளைக்குச் செல்லும். ஒரு பூங்காவிலிருந்து அடுத்ததற்கு வேனும் இலவசம்.

"மாலா, கணக்குப் பாரு," என்றார் அப்பா. "மூணாவது பார்க் வெறும் ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்குது."

"நாம வந்தது ஒரு மணித்தியாலத்துக்கு அப்பா. ஒண்ணுதான் பார்க்கப் போறோம்."

"ஒண்ணு மட்டும் பார்த்தா ரெண்டாயிரத்து ஐநூறு நட்டம்."

"மூணு டிக்கட் எடுத்தாத்தானே அந்த நட்டம்?"

"எடுத்தாச்சே," என்றார்.

ஐந்து பேருக்கும் எடுத்திருந்தார். இன்னும் முகம்கூடப் பார்க்காத சம்பந்தி வீட்டாருக்கும் சேர்த்து. டிக்கட் என்பது மணிக்கட்டில் ஒட்டுகிற ஒரு செம்மஞ்சள் பட்டி. கழற்றினால் செல்லாது. இரண்டு நாளும் அதோடுதான் குளிக்கவும் தூங்கவும் வேண்டும்.

கௌசல்யாவும் அவள் அம்மா பாக்கியமும் ஒன்பதரைக்குச் சரியாக வந்தார்கள். பாக்கியம் அம்மா கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு இப்போது லுணுகலை டவுனில் துணி தைத்துக் கொடுக்கிறவர். வணக்கம் சொல்லக் கூப்பிய கையில் அப்பா பட்டியை ஒட்டிவிட்டார்.

"ஒரு மணி நேரம்னுதானேங்க பேச்சு," என்றார் பாக்கியம் அம்மா, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"அது டிக்கட் விலை தெரியிறதுக்கு முன்னாடி," என்றார் அப்பா.

நீர்ப் பூங்காவைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது அது நனையாமல் பார்க்கத் தகுந்த இடம் இல்லை என்பதுதான். கௌசல்யா சேலையில் வந்திருந்தாள். தினேஷ் நீளக்கைச் சட்டையில். பெண் பார்க்கும் இடத்துக்கு யார் குளிக்கும் உடுப்பு கொண்டு வருவார்கள்? மூன்று குளங்கள், ஆறு சறுக்கு, ஒரு செயற்கை அருவி எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு குடையின் கீழ், பிளாஸ்டிக் கதிரைகளில், குளிர்பானம் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருவரும் பேசியது முழுவதையும் இங்கே தருகிறேன்.

"சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" இது கௌசல்யா.

"ஆமா."

"பஸ்ஸில கஷ்டமா இருந்துச்சா?"

"இல்ல."

அதற்குப் பிறகு இருவரும் அருவியைப் பார்த்தார்கள்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பேச்சு நடக்காததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, இத்தனை சறுக்கு இருந்தும் ஒருவரும் சறுக்கவில்லையே என்பதுதான் அவர் கவலை. முந்நூறு ரூபா கொடுத்து ஒரு நைலோன் காற்சட்டையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மிக உயரமான சறுக்கிலிருந்து, எங்கள் குடும்ப கௌரவம் மல்லாந்து கிடந்தபடி கீழே வந்து விழுந்தது. அதுவரை உதட்டைப் பிரிக்காத பாக்கியம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

கை கழுவப் போனபோது கௌசல்யா என் பின்னால் வந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. நல்லவராத்தான் தெரியுது. ஆனா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரே. என்ன நினைக்கிறாருன்னு தெரியாம எப்படிங்க சம்மதம் சொல்றது?"

பழைய ஏற்பாட்டின்படி அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். நான் தினேஷிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்தால், அப்பா தலை துவட்டியபடி எல்லோரையும் வேனுக்கு விரட்டிக்கொண்டிருந்தார். பாக்கியம் அம்மா மகளைப் பார்த்தார். மகள் கைப்பட்டியைப் பார்த்தாள்.

"காசு குடுத்துட்டாங்களேம்மா," என்றாள். "ஒண்ணு பார்த்துட்டுப் போயிருவோம்."

இலவச வேன் ஆள் நிறைந்தால்தான் புறப்படும். நிறைவதற்கு ஒன்றரை மணித்தியாலம் ஆனது. சாரதி நடுவயதுக்காரர், பசறைப் பக்கம். கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "மூணு பார்க்கும் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"ஒண்ணு எடுத்தவங்க சிரிச்சுக்கிட்டே வெளிய வருவாங்க. மூணு எடுத்தவங்க மணி பார்த்துக்கிட்டே வருவாங்க."

பிற்பகல் மூன்று மணி. கயிற்றுப் பூங்கா ஒரு மலையின் தோளில் இருக்கிறது. விளிம்பில் இரும்புக் கோபுரம். அதன் உச்சியிலிருந்து கீழே பள்ளத்தாக்கின் தேயிலைக்கு மேலாக அடுத்த குன்றுக்கு ஒரு கம்பி ஓடுகிறது. இடுப்பில் வாரைக் கட்டி, கம்பியில் தொங்கவிட்டுத் தள்ளிவிடுவார்கள். கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைக்கு மேல் மனிதர்கள் அலறிக்கொண்டு போவது அவர்களுக்குப் பழகிவிட்டது.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை இருந்ததால் அப்பா கீழே நின்றுவிட்டார். தனக்குப் பதிலாக தினேஷை ஏற்றினார். அவனுக்குப் பின்னால், சேலையைச் செருகிக்கொண்டு அதற்கு மேல் அவர்கள் கொடுத்த காற்சட்டையையும் மாட்டியபடி, கௌசல்யா ஏறினாள். நானும் பாக்கியம் அம்மாவும் கீழே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றோம்.

தினேஷுக்கு வாரைக் கட்டினார்கள். தலைக்கவசம் போட்டார்கள். அவன் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தான். பிறகு அசையவில்லை. பின்னால் வரிசை நீண்டது. யாரோ விசிலடித்தார்கள்.

"போடா," என்று கீழிருந்து அப்பா கத்தினார். "காசு கட்டியாச்சு."

என் தம்பி மேலிருந்து பேசினான். நான்கு வீட்டிலும் திறக்காத வாய். மலையே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"எனக்குப் பயமா இருக்கு. நான் இறங்கப் போறேன்."

வாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் விலக்கிக்கொண்டு, கௌசல்யாவையும் தாண்டி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் படிப்படியாக இறங்கி வந்தான். முகம் சட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. இனி இந்தப் பெண் இல்லை, எந்தப் பெண்ணும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

"மானத்த வாங்கிட்டான்," என்றார் அப்பா.

"அண்ணே," என்றார் பாக்கியம் அம்மா. "நீங்க ஏறுங்க பார்ப்போம்."

அப்பா பலகையைக் காட்டினார். பாக்கியம் அம்மா பலகையைப் படித்துவிட்டு, "சறுக்குறப்ப அந்த அழுத்தம் எங்கங்க போச்சு?" என்று கேட்டார். அப்பா வேன் வருகிறதா என்று பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கௌசல்யா கம்பியில் போனாள். அலறவில்லை, சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த குன்றிலிருந்து தேயிலைக்கு நடுவே நடந்து திரும்பி வந்தவள் நேராக தினேஷ் உட்கார்ந்திருந்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் இருந்த வாங்கில் இருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"நீங்க ஏசி பூட்டுற வேலைன்னு தரகர் சொன்னாரே. அதுக்கு உயரத்துல ஏறணும்ல?"

"நாலாம் மாடி வரைக்கும்தான் ஏறுவேன்," என்றான் தினேஷ். "அதுக்கு மேல எனக்கு ஏலாதுன்னு முதலாளிகிட்ட சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டேன். மேல உள்ளத வேற ஆள் பார்ப்பாங்க. சம்பளம் கொஞ்சம் குறைவு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் பயம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. எங்கப்பா நெஞ்சு வலிய மூணு நாளா வாய்வுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் மிஸ்ஸி. எங்கிட்டயே சொல்லல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

தினேஷ் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் வேன் வரும்வரை பேசிக்கொண்டேயிருந்தார்கள். வேன் நிறைய இரண்டு மணித்தியாலம் ஆனது. நான் அவசரப்படவில்லை.

மூன்றாவது பூங்கா பாக்கி இருந்ததால் அன்று கொழும்பு திரும்ப வழியில்லை. சம்மதம் சொல்லாத பெண் வீட்டில் தங்குவதும் முறையில்லை. ஸ்பிரிங்வெளியில் அப்பாவின் சித்தப்பா மகள் வீட்டுக்குப் போனோம். பதுளையிலிருந்து ஓட்டோவுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபா. கதவைத் திறந்த அத்தை மூன்று பேர் கையிலும் இருந்த பட்டிகளைப் பார்த்துப் பதறி, "எந்த ஆஸ்பத்திரியில இருந்து வாறீங்க?" என்று கேட்டார்.

ஞாயிறு காலை இலவச வேன் ஓடவில்லை. பஸ் பிடித்து நாற்பது கிலோமீற்றர் வந்து, பத்து மணிக்கு அப்புத்தளைப் பூங்கா வாசலில் நின்றோம். அங்கிருந்து தெற்கே கடல் வரை தெரியும் என்று டிக்கட் பெண் சொல்லியிருந்தாள். நாங்கள் போனபோது வாசலின் மறுபக்கத் தூண்கூடத் தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி.

லுணுகலையிலிருந்து அங்கே எண்பது கிலோமீற்றர், இரண்டு பஸ். வருகிறோம் என்று அவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பத்தரையானது. தினேஷ் சட்டையை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

"ரெண்டு டிக்கட் வீணாப் போகப் போகுது," என்றார் அப்பா. சொல்லிவிட்டு, மகனின் முகத்தைப் பார்க்காமல், பாதை வளைவு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பவும் போனார். டிக்கட்டுக்காக யாரும் அப்படி நடக்க மாட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாம் தடவை போனவர் தனியாகத் திரும்பவில்லை. பனிக்குள்ளிருந்து அவருடைய குரல் முதலில் வந்தது, பாக்கியம் அம்மாவின் சாப்பாட்டுக் கூடையை வற்புறுத்தி வாங்கிக்கொண்டிருந்தார்.

பூந்தோட்டத்தில் நாங்கள் பார்த்த பூக்கள் காலுக்குப் பக்கத்தில் இருந்தவை மட்டும்தான். காட்சி மேடையில் நின்று வெள்ளையைப் பார்த்தோம். சின்ன ரயில் மட்டும் ஓடியது. தினேஷும் கௌசல்யாவும் அதில் ஏறினார்கள். ரயில் பனிக்குள் போகும், கொஞ்ச நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டே வெளியே வருவார்கள், எங்களைக் கவனிக்காமல் மறுபடி உள்ளே போவார்கள். நாங்கள் ரொட்டியும் கட்டாச்சம்பலும் சாப்பிட்டோம். எத்தனை சுற்று என்று அப்பா எண்ணத் தொடங்கினார். பாக்கியம் அம்மா அவருக்கு இன்னொரு ரொட்டி வைத்ததும் விட்டுவிட்டார்.

ரயிலைவிட்டு இறங்கியதும் கௌசல்யா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எனக்குச் சம்மதம் மாமா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் எங்கயாவது போறதுன்னா டிக்கட்ட நாங்களே எடுத்துக்கிறோம்."

அப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

இனி அங்கே போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு நாள் கையில் இருந்து, வாகனமும் இருந்து, வானமும் திறந்திருந்தால் மூன்று பூங்கா டிக்கட் லாபம். எங்களுக்கு ஓட்டோவும் பஸ்ஸும் வாடகைக் காற்சட்டையும் சேர்த்து அந்த லாபம் கரைந்துவிட்டது. பூங்கா மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஒன்றை எடுத்து, மாற்றுடுப்போடு போய், நன்றாக நனைந்துவிட்டு வாருங்கள். ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றும் எடுக்கலாம்.

பஸ் பெரகலையில் இறங்கும்போது பனி விலகி, கீழே சமவெளி வெயிலில் கிடந்தது. கொழும்பில் எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது அரை மணித்தியால வேலை. என்னை என் வீட்டுக்காரர் பார்க்க வந்தபோது அதுகூட இல்லை. ஒரு லட்டு, ஒரு தேத்தண்ணி, எழுந்து போய்விட்டார். கல்யாணமாகிப் பதினொரு வருடம். போன் எடுத்து அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு எதுக்குப் பயம்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"லிஃப்டுக்கு," என்றார்.

நானும் அவரும் இருக்கிற வீடு ஐந்தாம் மாடியில். உடம்புக்கு நல்லது என்று சொல்லி, இத்தனை வருடமும் அவர் படியேறித்தான் வருகிறார்.