அக்கா நிறுத்திய இடம்

கொலோன் தண்ணீர் வாசனையோடுதான் அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ரீத்தா அக்கா ஒரு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, அம்மாவின் கொலோன் புட்டியில் நனைத்து, "ரேடியோ பெட்டி"க்குள் நாடா உரசும் இடத்தைத் துடைப்பாள். பஞ்சு பழுப்பாக வரும். வாசனை அடங்குவதற்குள் கேசட்டைச் செருகிப் பொத்தானை அழுத்திவிடுவாள்.

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் வாங்கிய கேசட் அது. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு ராக் குழு இருபது ஆண்டுகள் பாடியவற்றில் சிறந்தவற்றைத் தொகுத்து இரண்டு கேசட்டுகளாக வெளியிட்டிருந்தது. கடைக்காரர் விற்றது அதன் திருட்டு நகல். இரண்டையும் ஒன்றில் அடக்கியிருந்தார்கள். அட்டையில் இருந்த நான்கு முகங்கள் நகலெடுத்து நகலெடுத்துக் கரியாகிப் போயிருந்தன. பாட்டுகள் மட்டும் வெளிவந்த வரிசையில் இருந்ததால், முதல் பக்கத்தில் இளைஞனாகக் கத்திய குரல் கேசட்டைத் திருப்பிப் போட்டால் கரகரத்து, நிதானித்து, நாற்பது வயது ஆளின் குரலாகிவிடும். ஒரு மனிதனுக்கு வயதாவதை ஒரு மணி நேரத்தில் கேட்கலாம் என்பது பதினோரு வயதில் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. தோட்டத்தின் "ஆயாக் கொட்டாயில்", பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூன்று மணிக்குக் குழந்தைகள் போனதும் அந்தக் கொட்டகை காலியாகும். பக்கத்து லயத்து வீட்டு அந்தோணி, மாதா கோயில் கித்தாரோடும், அவனுடைய தம்பிகள் இருவர் தோட்டப் பள்ளியின் பழைய டிரம்களோடும் வருவார்கள். என் வேலை கேசட்டை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, ஆங்கில வரிகளை நோட்டில் எழுதித் தருவது. பள்ளியில் ஆங்கிலத்தில் முதல் மாணவி நான்தான் என்பதால் கிடைத்த பதவி.

போர்ட்டிக்சன் கடற்கரை ஓட்டல் ஒன்றின் வாத்தியக் குழுவுக்குப் பாடகி தேவை என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் அந்தோணி. ராசா என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் பாடிக் காட்ட வேண்டும். பின்னணிக்கு ஆட்களை அழைத்து வரலாம். தோட்டத்தில் ஆட்களிடம் வேலை வாங்கும் மண்டோராக இருந்த அப்பாவிடம் அக்கா கேட்டாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எடுத்தாங்கன்னா போ. எடுக்கலன்னா திங்கக்கிழம பேக்டரி வேல பாரத்துல கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம் கித்தாரு, டமாரம்னு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேக்கக் கூடாது."

பாட்டைத் தேர்ந்தெடுத்தவள் நான். இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு. அதன் முடிவுதான் எங்களை மயக்கியது. கடைசி வரியை மூன்று முறை பாடி, நான்காம் முறை தொடங்கி, பாதி வரியில், கத்தியால் நறுக்கியதுபோல் நின்றுவிடும். மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லாமல் அடுத்த பாட்டு. அந்தக் கேசட்டில் ஏறக்குறைய எல்லாப் பாட்டுகளும் இப்படித்தான் நின்றன. வீட்டு வானொலியில் தமிழ் ஒலிபரப்பு மட்டுமே தெளிவாகக் கேட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் வேறு எதுவும் இல்லை. "வெள்ளக்காரன் பாட்டு அப்படித்தான் லா. வளவளன்னு இழுக்க மாட்டான்" என்று அந்தோணி விளக்கம் சொன்னான். நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

நான்கு பேர் ஒரே நொடியில் நிறுத்துவது எளிதல்ல. சின்னத் தம்பியின் குச்சி ஒரு தட்டு கூடுதலாகப் போய்விடும்; அந்தோணியின் கம்பி அதிர்ந்துகொண்டே இருக்கும், உள்ளங்கையால் அழுத்த வேண்டும். மூன்று வாரம் அந்த ஒரு நிறுத்தத்தை மட்டுமே பழகினோம். கடைசி வாரத்தில் அக்காவின் தாடை லேசாக உயர்ந்தால் போதும், கொட்டகை அப்படியே உறைந்துவிடும்.

ராசா மண்டபத்தில் அக்கா நன்றாகப் பாடினாள். பின்னாளில் பத்திரிகைக்காக எத்தனையோ பாடகர்களை அருகிலிருந்து பார்த்து எழுதிய பிறகும் இதைச் சொல்கிறேன். மேசைக்குப் பின்னால் இருந்த குழுத் தலைவர் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான்காம் முறை வரி தொடங்கியது. தாடை உயர்ந்தது. நால்வரும் நின்றார்கள்.

அவருடைய விரல் மட்டும் இன்னும் இரண்டு தட்டு தட்டியது.

"என்னம்மா, பேட்டரி தீந்துருச்சா?"

பின்வரிசையில் சிரித்தார்கள்.

"இல்ல சார். பாட்டு முடிஞ்சிருச்சு."

"எங்க முடிஞ்சிருச்சு? இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கு லா. மிச்சத்தையும் பாடு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். அதில் பாதி வரிக்குப் பிறகு வெள்ளைத் தாள்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான் சார்."

"முழுசாத் தெரிஞ்சுகிட்டு வாங்கம்மா" என்றார் அவர், கோபமில்லாமல். அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். பகாவ் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். "நிப்பாட்டுனது மட்டும் நாலு பேரும் கரெக்டா நிப்பாட்டுனோம்" என்றான் அந்தோணி. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் பாரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நகலெடுத்தவன் இரண்டு கேசட்டை ஒன்றில் அடக்க ஒவ்வொரு பாட்டின் வாலையும் வெட்டியிருக்கிறான் என்பது இரண்டு ஆண்டு கழித்து, பள்ளித் தோழி வீட்டில் அசல் கேசட்டைக் கேட்டபோது புரிந்தது. அவளிடம் தொகுப்பின் முதல் கேசட் மட்டுமே இருந்தது. எங்கள் பாட்டு இல்லை. பிறகு நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். இடம் போதாத செய்தியை அடியிலிருந்து வெட்டுவது அங்கே அன்றாட வேலை. அப்படியும் அந்த முகம் தெரியாத ஆளை நான் மன்னிக்கவில்லை. மீதி நிமிடம் கையில் இருந்திருந்தால் அக்காவின் வாழ்க்கை வேறு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்தத் தொகுப்பு இப்போது கைத்தொலைபேசியில் முழுதாகக் கிடைக்கிறது. போன மாதம் ராசாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் தொழிற்சாலைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்காமலேயே அந்தப் பாட்டைப் போட்டேன்; முழுதாக நானும் அன்றுதான் கேட்கிறேன். வெட்டு விழும் இடம் வந்தது; தாண்டியது. நான் சத்தத்தைக் கூட்டினேன். அதே வரி. திரும்ப அதே வரி. ஒரு நிமிடத்துக்கு மேல் அதே ஒரு வரி, புதிதாக ஒரு சொல்கூட இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்து, முடியாமலேயே தேய்ந்து போனது.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இதப் பாடலன்னுதானா அவரு என்னையத் திருப்பி அனுப்புனாரு?"

நான் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"இவனுங்களுக்கே எப்படி முடிக்கிறதுன்னு தெரியல, பாரு. நாம நிப்பாட்டுன எடம்தான்டி சரி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை உதறி மாட்டிக்கொண்டாள். கம்பெனி பஸ் வரும் நேரம்.

இத்தனை ஆண்டுகள் பொத்தி வைத்த கோபத்தை இனி யார்மீது இறக்குவது என்று தெரியவில்லை. அந்த ஓட்டல் மூடிக் கிடக்கிறது. கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. குழுத் தலைவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அக்கா பாடியதைக் கேட்டுப் பார்த்து நீங்களே சொல்லுங்கள் என்று உங்கள் முன் வைக்கவும் வழியில்லை. எங்கள் ரேடியோ பெட்டியில் பதிவு செய்வதற்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. மூன்று வாரமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். ஒரு தடவைகூட அதை அழுத்தவில்லை.