எழுத்தில் ஒரு ‘இல்லை’

நெரிஸ் வாட்கின் இந்தப் பிப்ரவரியில் இறந்தாள். வயது ஐம்பத்தாறு. வேல்ஸின் தென்கரையில் இருபத்தேழு ஆண்டுகள் தடுப்புச் சுவர்களும் மழைநீர்க் கால்வாய்களும் வடிவமைத்தவள். அவற்றில் ஒன்றுகூட இதுவரை சரியவில்லை. அவள் வீட்டை மகள் எலின் இன்னும் ஒழிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டதோடு சரி.

அந்த வேலைக்கு அவள் போய்ச் சேர்ந்த வழியில் 1997ஆம் ஆண்டுக் கோடை குறுக்கே நின்றது.

அதற்கு முன்பே இரண்டு பேர் அவளிடம் படிப்பை விடச் சொல்லியிருந்தார்கள். பதினாறு வயதில் அப்பா சொன்னார். விட்டாள். ஒன்பது ஆண்டுகள் ஓர் ஆலையில் உள்ளாடைகளுக்குக் கொக்கி தைத்தாள். ஆலையை மூடினார்கள். மாலை வகுப்பில் கணக்குப் படித்து, இருபத்தைந்து வயதில் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் சேர்ந்தாள். முதல் ஆண்டிலேயே வயிற்றில் எலின். ஒரு பேராசிரியர், “இப்போதைக்கு விட்டுட்டு, அப்புறமா பாத்துக்கலாமே” என்றார். பிரசவமான பதினெட்டாம் நாள் நெரிஸ் தேர்வு எழுதினாள். வெளியே நடைக்கூடத்தில் ஆலெட் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றான்.

ஆலெட் அவள் கணவன். சுரங்கத் தொழிலாளியாக இருந்தவன். சுரங்கம் மூடியபின் அவனும் அதே இடத்தில் வரலாறு படித்தான். இருவரும் முழுநேர மாணவர்கள், இரண்டு வயதுக் குழந்தை, குடும்ப மாணவர்களுக்கான விடுதியில் இரண்டு அறை. படிப்புக்கு வந்த பணம் ஜூனோடு நின்றுவிடும். வாடகை பன்னிரண்டு மாதமும் உண்டு. ஜூலைக்குள் கட்டாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று விடுதியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அறை போனால், கடைசி ஆண்டும் போன மாதிரிதான்.

மாணவர்களுக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை கிடையாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நெரிஸுக்கு அதற்கு மேலும் ஒன்று தெரிந்தது. கணவன் மனைவி இருவரும் மாணவர்களாக இருந்து, கையில் குழந்தையும் இருந்தால், கோடை விடுமுறைக்கு மட்டும் கேட்கலாம். வேலை கிடைத்தால் போகத் தயாராக இருக்க வேண்டும். நூலகத்தில் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை, எலினைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள்.

மூன்றாம் கவுண்டரில் ப்ரோதரோ இருந்தார். ஓய்வு பெற இரண்டு ஆண்டு பாக்கி. நல்ல மனிதர். அதுதான் சிக்கல்.

“ஸ்டூடண்ட்டா? அப்ப கிடையாது கண்ணு.”

அவள் நகலை நீட்டினாள்.

“நகலெல்லாம் இங்க எடுபடாது.” அவர் கவுண்டர்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “நான் ஒண்ணு சொல்றேன். படிப்பை விட்டாச்சுன்னு எழுதிக் குடு. அவ்வளவுதான். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. அக்டோபர்ல திரும்பப் போய்ச் சேந்துக்கோ. யாரு கேக்கப் போறா?”

“நான் விடலையே.”

“எனக்குத் தெரியுமே, விடலைன்னு.”

“அப்புறம் எதுக்கு எழுதச் சொல்றீங்க?”

“உனக்கு உதவி பண்ணத்தான்மா.”

அவர் தள்ளிய வெற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள். மாலையில் ஆலெட் அதை நிரப்பி மேசைமேல் வைத்திருந்தான். இரண்டு பெயருக்கும் எதிரே ‘படிப்பை விட்டவர்’ என்று எழுதியிருந்தது. இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி.

நெரிஸ் அளவுகோலை வைத்து அந்த இரண்டு வரியையும் அடித்தாள்.

“உனக்குப் பைத்தியமா? அந்த ஆளே சொல்லித் தர்றான்!” என்றான் ஆலெட்.

“அவரு சொல்லிட்டுப் போயிடுவாரு. கையெழுத்து என்னோடது. நாளைக்கு ஒருத்தன் இதைக் கொண்டுபோய் யுனிவர்சிட்டில காட்டினா?”

“யாரு காட்டப் போறா?”

“காட்டலைன்னாலும் நான் எழுத மாட்டேன், ஆலெட். ஒருதரம் விட்டு ஒன்பது வருஷம் கொக்கி தச்சேன். மறுபடி அந்த வார்த்தைய என் பேருக்கு எதிர்ல எழுதவா?”

“வீட்டை விட்டுத் துரத்துவாங்களே, அப்ப எந்த வார்த்தை எழுதுவே?”

அவள் டோஸ்ட்டின் மேல் டின் பீன்ஸை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். கொஞ்சம் வேகமாகவே வைத்தாள். எலின் கைகொட்டிச் சிரித்தது.

புதன்கிழமை மீண்டும் போனாள். இந்த முறை ஒரு பையில் ஜாம் ரொட்டி, ஆப்பிள், மாற்று உடை, மண்ணியக்கவியல் பாடநூல். வரிசையில் அவள் எண் வந்தது.

“உண்மைய எழுதின படிவம். எங்களுக்கு உதவித்தொகை வேணும்.”

“கிடையாதுன்னு அன்னிக்கே சொன்னேனே கண்ணு.”

“சரி. கிடையாதுன்னு எழுதிக் குடுங்க.”

ப்ரோதரோ நிமிர்ந்தார். “எதுக்கு?”

“மேல்முறையீடு செய்ய. நீங்க வாயால சொன்னதை நான் யாருகிட்ட கொண்டுபோய்க் காட்ட?”

“மறுக்கணும்னா முதல்ல படிவத்தை வாங்கணும்மா.”

“வாங்குங்க.”

“ஸ்டூடண்ட்கிட்ட வாங்க முடியாது.”

“ஏன்?”

“எப்படியும் மறுக்கத்தானே போறோம்.”

நெரிஸ் ஒரு கணம் யோசித்தாள். “படிவம் வாங்கினாத்தான் மறுக்கலாம். மறுக்கப் போறதால வாங்க மாட்டீங்க. இந்த மாதிரி நான் ஒரு பாலம் வரஞ்சா ஃபெயில் பண்ணிடுவாங்க, மிஸ்டர் ப்ரோதரோ.”

பின்னால் காத்திருந்த கிழவர் ஒருவர் உரக்கச் சிரித்தார். “எழுதிக் குடுத்துத் தொலைங்கய்யா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“நீங்க முன்னாடி போங்க, நான் இங்கதான் இருப்பேன்” என்று நெரிஸ் அவருக்கு வழிவிட்டாள்.

இருந்தாள். அங்கே நாற்காலிகளை யாரும் தூக்கி எறியாதபடி தரையோடு திருகி வைத்திருந்தார்கள். ஒன்றில் உட்கார்ந்து ஈரக் களிமண்ணின் தாங்குதிறனைப் படித்தாள். எலின் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ரொட்டித் துண்டு கொடுத்தது. பிறகு அழுதது. பிறகு தூங்கியது. மதியம் காவலாளி வந்து, “போறீங்களாம்மா?” என்றான். “ஒரு தாள் குடுத்தா இப்பவே போறேன்” என்றாள். அவன் ப்ரோதரோவைப் பார்த்தான். ப்ரோதரோ வேறெங்கோ பார்த்தார்.

மூடுவதற்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது அவளை அழைத்தார்.

“குடு. வாங்கிக்கறேன். மறுத்து எழுதித் தர்றேன். அப்புறமாவது நிம்மதியா விடுவியா?”

“நன்றி.”

மறுப்புத் தாளை எடுத்தார். தேதி போட்டார். பெயரை எழுதினார். அடுத்த வரி: எந்த விதியின்படி?

பேனா அங்கே நின்றது. மாணவர்களுக்குக் கிடையாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர்; எந்த எண் விதி என்று யாரும் கேட்டதில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு கனத்த புத்தகத்தோடு வந்தார். புரட்டினார். விரலை வைத்துப் படித்தார். விரல் கீழே இறங்கி நின்றது. மறுபடி மேலே போய்ப் படித்துக்கொண்டு வந்தது.

“இதுக்குக் கீழ ஒரு உட்பிரிவு இருக்கு” என்றார் மெல்ல.

“இருக்கு.”

“தெரிஞ்சே வச்சிருக்கே. காட்டக் கூடாதா?”

“திங்கக்கிழமை காட்டினேன். நகல் எடுபடாதுன்னீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுப்புத் தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். அவளுடைய படிவத்தை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“நாளைக்கே வேலை குடுத்தா போவியா?”

“போவேன்.”

“மீன் பேக் பண்ற வேலைன்னாலும்?”

“கொக்கி தச்சவ நான். மீனுக்கென்ன?”

“குழந்தை?”

“ஆலெட் பாத்துப்பான். அவனுக்குக் கெடச்சா நான் பாத்துப்பேன்.”

“அக்டோபர்ல?”

இந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் பொய் சொல்வார்கள். அவருக்கும் தெரியும். பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.

“அக்டோபர்ல எனக்கு வகுப்பு இருக்கு. கடைசி வருஷம். அதை அப்படியே எழுதுங்க.”

எழுதினார். அவள் கவுண்டர்க் கண்ணாடிக்கு இப்பாலிருந்து தலைகீழாகவே படித்துச் சரிபார்த்தாள். ‘முழுநேர மாணவி, படிப்பைத் தொடர்பவர்.’ கையெழுத்துப் போட்டாள்.

“அவ்வளவுதான். ஆலெட்டை நாளைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொல்லு. வீட்டுக்குப் போ கண்ணு, குழந்தை பாவம்” என்றார் ப்ரோதரோ.

நெரிஸ் எழுந்திருக்கவில்லை.

“தேதி தப்பா இருக்கு.”

“இன்னிக்குப் புதன்தானே?”

“நான் வந்தது திங்கக்கிழமை. அன்னிலேருந்து பணம் வரணும்.”

அவர் அவளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தேதியை அடித்து, மேலே திங்கட்கிழமையின் தேதியை எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார்.