கழுத்தைத் திருப்ப வந்த கை

வேம்பார் ரோட்டில் லோடு வண்டி மோதி என் மச்சினன் பைக்கோடு விழுந்தான். தொடை எலும்பு முறிந்து, விலாவில் அடிபட்டு, மண்டை கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் காலைத்தான் பார்த்தார்கள். நாங்களும் அப்படித்தான். கால் கோணிக் கிடந்த கோலம் அப்படி.

மறுநாள்தான், "கழுத்து வலிக்கி அத்தான்" என்றான்.

அவன் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவன். நான் அதே படகில் அவனுக்குக் காற்று போகும் குழாயைப் பிடித்து நிற்பவன். குளிக்கிறவனின் கழுத்துவலியை எங்கள் ஆட்கள் ஒரு வலியாகவே எண்ணுவதில்லை. கரையேறியதும் என் மனைவியின் பெரியப்பா முன்னால் போய் உட்காருவார்கள். எண்ணெய் தடவி, தாடையைப் பிடித்து ஒரே திருப்பு. சொடக்கென்று சத்தம் வரும். எழுந்து போய்விடுவார்கள். என் கழுத்தும் பலமுறை அவர் கையில் திரும்பியிருக்கிறது.

அன்று சாயங்காலம் எண்ணெய்க் குப்பியோடு அவர் வந்துவிட்டார்.

"கால டாக்டர் பாக்கட்டும். கழுத்து நம்ம டிப்பார்ட்மெண்டு."

"சட்டுன்னு எடுத்து விடுங்க பெரியப்பா, தூங்கவே இல்ல அவன்" என்றாள் என் மனைவி.

அவர் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தார். நான் மச்சினன் கையில் கொடுத்த பிஸ்கட் நழுவிக் கீழே விழுந்தது.

"என்னல?"

"விரலு மரத்துப் போச்சு அத்தான். ரெண்டு கையும்."

படகில் ஒருவன் வலிக்கிறது என்றால் கேலி பண்ணுவோம். மரத்துப்போச்சு என்றால் ஒருவரும் சிரிக்க மாட்டோம். எஞ்சினை முடுக்கிக் கரைக்கு ஓடுவோம். ஆழத்திலிருந்து வேகமாக ஏறி வந்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, பிறகு நடக்காமலே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவன் கடலுக்குப் போகவில்லைதான். ஆனால் வார்த்தை அதே வார்த்தை.

பெரியவரின் கை தாடைக்குப் போனது. அவர் முன்னால் நான் வாய் திறந்ததே கிடையாது. மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

"வேண்டாம் மாமா."

"ஏன்வே, நீரு படிச்ச அஞ்சாங்கிளாஸ்ல இதையும் சொல்லித் தந்தாவளோ?"

பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். என் முகம் சுட்டது. விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனால் அதற்குள் திருப்பிவிடுவார். எண்ணெயில் என் பிடி வழுக்கியது. அங்கேயே நின்று கத்தினேன்.

"டாக்டரய்யா!"

வந்தவரிடம், "விரலு மரத்திருக்கு" என்றேன். அவர் அவன் விரல்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை.

"தலைய யாரும் தொடாதீங்க!"

கழுத்துப்பட்டை வரும்வரை அவரே இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்கேனில் கழுத்தெலும்பு உடைந்திருந்தது. "நேத்தே பாத்திருக்கணும்" என்றார் டாக்டர், எங்களைப் பார்க்காமல்.

"நான் திருப்பியிருந்தா?" என்று கேட்டார் பெரியவர்.

"கை கால் ரெண்டும் போயிருக்கும். மூச்சே நின்னிருக்கலாம்."

கழுத்து ஆபரேஷன் முடிந்த மறுநாளும் பெரியவர் வார்டுக்குள் வரவில்லை. வாசல் பெஞ்சிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"விரல அசைக்கானான்னு நீரு போயிப் பாரும்வே. எனக்குப் பயமா இருக்கு."

போய்ப் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரல் மட்டும் அசைந்தது.