தோழர் செய்து வைத்த பெட்டி

“…ஊருக்கெல்லாம் பெட்டி செஞ்ச மனுசனுக்கு ஒரு குழி கிடையாதா? போயி மெழுகுவத்தி ஏத்த எனக்கு ஒரு பிடி மண்ணு வேணாமா, தம்பி?”

மதினி இப்படிக் கேட்டபோது, மெடிக்கல் காலேஜ் வண்டி உச்சிப்புளியைத் தாண்டிவிட்டதாக எனக்குப் போன் வந்திருந்தது. உள்ளே பெஞ்சில் அண்ணன் கிடந்தார்.

கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அக்காள்மடத்தில் படகுத் தச்சர். ஒரே கொட்டகையில் வேலை பார்த்தோம். பலகையின் ஒரு முனையை அவர் பிடித்தால் மறுமுனை என் கையில் இருக்கும். எனக்கு அண்ணன், ஊருக்குத் தோழர்.

படகில் கூலிக்குப் போகிறவர்களுக்குச் சங்கம் கட்டியவர் அவர்தான். “படகுக்குத்தான்டா ஓனரு ஒருத்தரு. ஓட்டை விழுந்தா முங்குறது எல்லாரும்” என்பார். அவர் பேச்சுக்கு ஜனங்கள் கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்தார்கள். கூலி கொஞ்சம் ஏறியது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் படகு முதலாளியும் அவர் கையில் வேலை கொடுக்கவில்லை. அப்போதுதான் சவப்பெட்டி செய்ய ஆரம்பித்தார். மரம் வாங்கி வரும்வரை சாவு காத்திருக்காது என்று, கொட்டகையில் ஒரு பெட்டி எப்போதும் தயாராக நிற்கும்.

ஞானஸ்நானம் வாங்கியவர்தான். கோயிலுக்குப் போவதை விட்டு வெகுகாலம். ஒருநாள் சைக்கிளில் வந்த பங்குச் சாமியாரே கேலி பண்ணினார்: “என்ன தோழரே, உங்க பெட்டி மட்டும் கோயிலுக்கு வருது, நீங்க வாறதில்லையே?”

“நம்பாதவன் செஞ்ச பெட்டியிலதான சாமி எல்லாரும் மோட்சத்துக்குப் போறாங்க. வழியில ஒடஞ்சதா ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லலையே!”

சாமியார் சைக்கிளைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

அண்ணனுக்கும் மதினிக்கும் இருந்த ஒரே மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காதபோது அவன் சட்டையையாவது பெட்டியில் வைத்துப் புதைத்துவிட வேண்டும் என்று மதினி கெஞ்சினார். அண்ணன் கேட்கவில்லை. “வெறும் பெட்டிய மூடுனா, பிள்ளை செத்துட்டான்னு நானே ஆணி அடிச்ச மாதிரி ஆயிரும்டா” என்று என்னிடம் மட்டும் சொன்னார். அன்று முழுக்க உளியைத் தொடவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைக்குப் போகும். மதினி மட்டும் கடற்கரையில் மணலைக் குவித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார். காற்று விடாது. அணைய அணைய ஏற்றிக்கொண்டிருப்பார்.

இப்போது அண்ணனும் தன் உடலை மாணவர்கள் படிக்கக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். “ஒழைச்ச ஒடம்பு, மண்ணுக்குள்ள போயி சும்மா கிடக்கணுமாக்கும்” என்பார். மதினி சம்மதித்தால்தான் கொண்டுபோக முடியும். மதினியின் தம்பிமார் குழிக்குச் சொல்லிவிட்டு, கொட்டகையில் நின்ற பெட்டியை முற்றத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் செங்கொடியைக் கையில் மடித்து வைத்தபடி ஒதுங்கி நின்றார்கள்.

வண்டி வந்து வாசலில் நின்றது.

மதினி அண்ணனின் பாதத்தை முந்தானையால் துடைத்தார். காய்ப்பு ஏறிய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஏத்துங்க. சொன்ன சொல்லுக்காகப் பட்டினி கிடந்த மனுசன். நான் அதைக் கெடுக்க மாட்டேன்.”

“அக்கா, கிறுக்குப் பிடிச்சிருச்சா? குழி வெட்டியாச்சு. இந்தப் பெட்டிய என்ன செய்ய?” என்று பெரிய தம்பி கத்தினார்.

“பெட்டி இங்கனயே இருக்கட்டும். குழியும் இருக்கட்டும்.”

கொடியைப் போர்த்தி அண்ணனை வண்டியில் ஏற்றினோம். வண்டி பாலத்துப் பக்கம் திரும்பும்வரை மதினி நின்று பார்த்தார். அப்புறம் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மகனின் ஊதாச் சட்டையை எடுத்து வந்தார். அண்ணன் செய்து வைத்திருந்த பெட்டிக்குள் அதை நீளமாக விரித்து, அதன் இரண்டு கைகளையும் மார்பின்மேல் மடித்து வைத்து, கழுத்திலிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுவிட்டார்.