குழந்தை அளவில் பின்னிய குல்லா

அத்தை தூங்கிவிட்டார். போர்வைக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஏழாம் மாதம். நேற்று திடீரென்று ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரியில் அசையாமல் படுக்க வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில், பிறப்பதற்கு முன் குழந்தைக்கு ஒரு சாமானும் வாங்க மாட்டார்கள்; வாங்கினால் குழந்தைக்கு ஆகாதாம். நான் வாங்கவில்லை. ஆனால் குரோஷா ஊசியால் மஞ்சள் நூலில் குட்டிக் குல்லா ஒன்று பின்னினேன், விரலில் தட்டுப்படும்படி முண்டு முண்டாக. முந்தாநாள்தான் முடித்தேன். அம்மாவுக்குத் தெரியாது.

இன்று பள்ளி விட்டதும் ஜாதவ்பூர் நூல்கடைக்குப் போனேன். நான் காகிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் கடைக்காரர் குல்லாவை இரண்டு விரலில் மாட்டிப் பார்த்து வங்க மொழியில் கேட்டார்.

"அட! தம்பியா, தங்கச்சியா?"

"இன்னும் பிறக்கலை காகிமா. இதை எங்கப்பா தலைக்குப் பெரிசாக்கணும்."

"அப்பாவுக்குப் புதுசா போடேன். எந்த வயசுக்கும் இதே பின்னல்தான், முதல்ல போடற நூல் சங்கிலி மட்டும் நீளமா இருக்கணும். இதை ஏன் பிரிக்கிறே?"

"இது இருக்கக்கூடாது."

காகிமா அதே மஞ்சளில் இன்னும் இரண்டு உருண்டை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். முண்டு இருந்த இடங்களில் நூல் நிமிரவே இல்லை.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா போன் செய்தார். "அப்படியேதாம்மா இருக்கா. நீ சாப்பிட்டியா?"

புதிதாகத் தொடங்கியிருந்த சங்கிலியை இன்னும் நீட்டினேன். இப்போது நான்கு வரிசை ஆகியிருக்கிறது. அப்பா போட்டால் மூக்குவரை இறங்கும்.

இவ்வளவு பெரிய குல்லாவைப் பார்த்து, குழந்தைக்காகப் பின்னியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இல்லையா?