ஊதா முத்திரை விழுந்த நாவல்

வெள்ளவத்தையில் அந்தக் காலத்தில் "ஏஜென்ட் ஒருத்தரைத் தேடுறன்" என்று வாய் திறந்தால், அடுத்த கேள்வி "கனடாவோ, சுவிஸோ?" என்றுதான் வரும். எங்கள் லொட்ஜ் மனேஜர் பொன்னம்பலமும் அதையேதான் கேட்டார்.

"வெளிநாட்டுக்கு இல்லை, அண்ணை. நாவலுக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "தில்லைநாதன், உமக்குக் காய்ச்சல் கீய்ச்சலோ?"

காய்ச்சல்தான், ஐந்து வருடக் காய்ச்சல். 1997ஆம் ஆண்டு. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை; மிச்ச நேரமெல்லாம் லொட்ஜ் அறையில் நாவல். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் கையெழுத்து. போட்டோ கொப்பி எடுக்கப் போனால் கடைக்காரன் தமிழ் எழுத்தைக் கண்டதும் "மெஷின் பழுது" என்றான். எனக்கு முன்னால் நின்றவருக்கு அதே மெஷினில் அடையாள அட்டையைக் கொப்பி பண்ணிக் கொடுத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். யுத்த காலம், தமிழ்க் கையெழுத்து என்றாலே சந்தேகம்; அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் பிள்ளை குட்டி இருந்திருக்கும்.

சென்னைப் பதிப்பகங்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. கம்பனிக்கு வரும் இங்கிலிஷ் சஞ்சிகை ஒன்றில், லண்டனில் எழுத்தாளருக்கெல்லாம் ஏஜென்ட் இருக்கிறார் என்றும், அவர் கதையை வாசித்து, பதிப்பகத்தோடு கதைத்து, புத்தகமாக்கிவிடுவார் என்றும் வாசித்தேன். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

பொன்னம்பலம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கொட்டாஞ்சேனையில ஒரு பிள்ளை இருக்கு. இராமலெட்சுமி எண்டு பேர். மாதத்துக்கு ஒருக்கா மெட்ராஸுக்குப் பறந்து சீலை கொண்டாறவ. மூண்டாம் மாடி ரீச்சரின்ர கவிதைப் புத்தகம் அவவாலதான் வந்தது."

"சீலை விக்கிற பொம்பிளையோ? அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியுமோ?"

அப்படித்தான் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போடவேண்டும் போலிருக்கிறது. யாழ்ப்பாணத்தான், படித்தவன் என்ற தடிப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராமலெட்சுமி சீலைப் பொதியோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்ததால் நாலு வயதிலேயே கொட்டாஞ்சேனைக்காரி. கொன்வென்டில் ஓ லெவல் வரை படித்தவள். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் வாசிப்பாள். இதையெல்லாம் அவளாகச் சொல்லவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நான் அறிந்தது.

"முழுசா வாசிச்சிட்டுத்தான் தூக்குவேன் அண்ணே," என்றாள். "அங்கிட்டுப் போயி பதிப்பகத்துக்காரரு முன்னால கதைய நான்தான் சொல்லணும். பேப்பர்க் கட்டைக் குடுத்திட்டு வந்தா அவரு மேசைக்குக் கீழ போட்டுருவாரு. ஒரு மணி நேரம் ஒக்காந்து கத சொன்னாத்தான் அந்தாளு மொதப் பக்கத்தையே திருப்புவாரு."

"எத்தினை புத்தகம் இப்பிடிக் கொண்டு போயிருக்கிறீங்கள்?"

"ஏழு. ஆறுதான் வந்துச்சு." அவள் முகம் சுருங்கியது. "ஒண்ணு எயார்போர்ட்டில போச்சு. கவிதை. கையெழுத்து. என்னா எழுதியிருக்குன்னு கேட்டாங்க, சொன்னேன், நம்பல. நாலு மணி நேரம் ஒக்கார வச்சு, என்னைய விட்டுட்டுக் கட்டைப் புடிச்சுக்கிட்டாங்க. அந்த மனுசன்கிட்ட வேற கொப்பி இல்ல. திரும்பி வந்து அவரு மூஞ்சியப் பாத்தேன் பாருங்க, அத்தோட ஒரு முடிவெடுத்தேன்."

அந்த முடிவைக் கேட்டு நான் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். விமான நிலையத்துக்குப் போகுமுன் கையெழுத்துக் கட்டை அவளே ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போகிறாளாம்! அங்கே பியதிலக்க என்றொரு சார்ஜன். அவருடைய மனைவி இவளிடம் சீலை வாங்குகிறவள். வாசிக்கத் தெரியாத கடதாசியில் முத்திரை குத்த மாட்டேன் என்று அவர் சொல்ல, "வாசிக்க வேணாம் மாத்தயா, கேளுங்க" என்று இவள் கதையைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். கேட்டு முடித்த பக்கங்களுக்கு ஊதா மையில் முத்திரையும் அவருடைய சின்னக் கையெழுத்தும் விழும். அதற்குப் பிறகு எந்த மேசையிலும் அவளுடைய கட்டை யாரும் மறிக்கவில்லை.

"ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், கொறைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன். அதுதான் அவருக்கும் எனக்கும் பேச்சு. பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

பயமில்லை என்றேன். சுத்தப் பொய்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, நூற்று நாற்பத்தொன்றிலிருந்து நூற்று ஐம்பத்தெட்டு வரைக்கும் பதினெட்டுப் பக்கங்களை உருவி எடுத்தேன். இரும்புப் பெட்டியின் அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே அவற்றை வைத்தேன். மிச்சத்தைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். பக்க எண்ணை மாற்றி எழுதவேண்டும் என்ற சின்ன விஷயம் இந்தப் பெரிய படிப்பாளியின் மண்டையில் ஏறவில்லை. பயம் பிடித்தவனுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்?

ஐந்தாம் நாள் லொட்ஜுக்குப் போன் வந்தது. முழுவதும் வாசித்துவிட்டாளாம். நாவலின் சாரத்தை நாலு வசனத்தில் சொன்னாள். ஐந்து வருடமாக எனக்கே சொல்ல வராத நாலு வசனம்.

"நடுவுல பக்கம் கொறையுதே அண்ணே?"

"அது... நம்பர் பிழைச்சுப் போச்சு."

"சரிங்க அண்ணே," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த கிழமை மூன்று நாள் பின்னேரங்களில் அவள் சார்ஜனுக்குக் கதை சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் மறுபடி போன். குரல் வழமை போலத்தான் இருந்தது.

"அண்ணே, பொலிஸிலருந்து பேசுறேன். சார்ஜன் மாத்தயா பக்கத்த எண்ணிட்டாரு. எழுத்துத் தெரியாட்டியும் நம்பர் தெரியும்ல. விட்டுப்போனத எடுத்துக்கிட்டு வாங்க. நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன்."

"வராட்டி?"

"வராட்டி நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன்," என்றாள் மறுபடியும். அவளுடைய அடையாள அட்டையையும் பாஸ்போட்டையும் அவர் மேசையில் வாங்கி வைத்துவிட்டார், பக்கம் வராமல் அவளை விடமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கக்கூசில் போட்டுவிட்டு ஹெந்தளையில் இருக்கும் சிநேகிதன் வீட்டுக்கு ஓடலாமோ என்றுதான் முதலில் யோசித்தேன். இரும்புப் பெட்டியைத் திறந்து, பக்கங்களைக் கையில் எடுத்து, இரண்டாகக் கிழிக்கப் பிடித்தும்விட்டேன். நான் ஓடினால் அவள் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையிலேயே இருப்பாள். இராமலெட்சுமி எழுந்து போகிற ஆள் இல்லை. பக்கங்களை ஷேட்டுக்குள் செருகி, பொத்தானைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இரண்டு செக் பொயின்ட். இரண்டிலும் இறங்கி, அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டினேன். வயிற்றில் கடதாசி வேர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. "எங்க போறது?" என்று ஆமிக்காரன் கேட்டான். "பொலிஸுக்கு" என்றேன். அவனே சிரித்துவிட்டான்.

நிலையத்தில் சார்ஜன் பியதிலக்க மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நரைத்த மீசை, தடித்த கண்ணாடி. இந்தப் பக்கம் இராமலெட்சுமி. நடுவில் இரண்டு பிளேன்டீ, என் நாவல், முத்திரைக் கட்டை. நான் ஈரமான பக்கங்களை எடுத்து வைத்தேன். அவள் அவற்றை முதன்முதலாக வாசிக்கத் தொடங்கினாள். பத்து நிமிடம் இருக்கும். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் வாசிப்பதை நிறுத்தி, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

சார்ஜன் ஒரு போனை எடுக்கத் திரும்பிய நேரம் நான் காதோடு காதாகச் சொன்னேன். "மாத்திச் சொல்லுங்கோ, இராமலெட்சுமி. அவருக்கு என்ன தெரியப் போகுது? ஒரு கலியாண வீடு நடந்தது எண்டு சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"மத்தப் பக்கத்தில ஒண்ணையும் மாத்தலியே அண்ணே. இதுல மாத்துனா, அந்த மூணு நாளா குத்துன சீலும் பொய்யாப் போயிரும்ல."

சொல்லிவிட்டு அவள் சிங்களத்தில் தொடங்கினாள்.

அந்த அத்தியாயம் இதுதான். பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில் தாய் படுத்திருக்கிறாள். இளைய மகன் அவளுக்குச் சுடுதண்ணீர் வாங்க பிளாஸ்கோடு சந்திக்குப் போகிறான். வாங்கித் திரும்பும் வழியில் செக் பொயின்டில் அடையாள அட்டையும் பொலிஸில் பதிந்த துண்டும் கேட்கிறார்கள். துண்டு அறையில் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்துவருகிறேன் என்கிறான். ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மூத்தவன் தேடி வரும்போது ரோட்டோரம் பிளாஸ்க் மட்டும் நிற்கிறது. நான் இதைப் பதினெட்டுப் பக்கத்துக்கு இழுத்து, இருள், இரத்தம், வரலாறு, வானம் என்று ஏதேதோ கொட்டியிருந்தேன். பிளாஸ்க் பற்றி ஒரே ஒரு வரி.

அவள் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. என் வானத்தையும் வரலாற்றையும்கூட ஒன்றும் விடாமல் ஒழுங்காகச் சொன்னாள். அந்த ஒரு வரிக்கு வந்தபோது மட்டும் குரலை இறக்கி, மெதுவாகச் சொன்னாள். பின்னேரம் அண்ணன் பிளாஸ்கைத் திறந்து பார்த்தான், தண்ணீர் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது என்று. என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். ஆனாலும் அது எனக்கு விளங்கியது. ஐயோ, நானே எழுதிய வரிதான்! ஐந்து வருடத்தில் ஒருநாளும் எனக்குக் கேட்காத வரி, அந்த வாங்கில் இருந்தபோது முதன்முதலாக என் காதில் விழுந்தது. சீலை விற்கிற பொம்பிளையோ என்று கேட்ட வாய் இது!

சார்ஜன் பேனையை மூடி மேசையில் வைத்தார். பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. வெளியே யாரோ முறைப்பாடு கொடுக்க வந்து நின்றதற்கு, பொறு என்று கையைக் காட்டினார். பிறகு இராமலெட்சுமியைப் பார்த்துக் கேட்டார்.

"மல்லி ஆவாத?"

தம்பி வந்தானா என்று. கதையில் அடுத்து என்ன என்று கேட்கிற கேள்விதான். மூன்று நாளாக அவர் அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறார், அவளும் உடனுக்குடன் சொல்லி வந்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அது உண்மைக் கதை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. பொன்னம்பலத்துக்கும் தெரியாது. அம்மாவும் பிறகு அதே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டா. எனக்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்பதே லொட்ஜில் ஒருவருக்கும் தெரியாது. இவளுக்குப் பத்து நிமிட வாசிப்பில் தெரிந்துவிட்டது.

"தாம நே," என்றேன். இன்னும் இல்லை. பொலிஸ் நிலையம் என்றும் பாராமல் நான் அழுதேன்.

சார்ஜன் முத்திரையை மைக்கட்டையில் அமத்தி, பதினெட்டுப் பக்கங்களிலும் ஒவ்வொன்றாகக் குத்தினார். என் வேர்வை ஈரத்தில் ஊதா மை கொஞ்சம் பரவியது. ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைத்தார். முடிந்ததும் பக்கங்களை உரிய இடத்தில் தானே செருகி, நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தொன்று என்று எண் சரிதானா என்று பார்த்து, இராமலெட்சுமியின் அட்டையையும் பாஸ்போட்டையும் கட்டின் மேல் வைத்துத் தள்ளினார்.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு போனாள். சென்னையில் முதல் இரண்டு பதிப்பகம் வேண்டாம் என்றன. மூன்றாவது இடத்தில் ஒரு மணி நேரம் அல்ல, சாப்பாட்டு நேரமும் தாண்டி மூன்று மணி நேரம் கதை சொன்னாளாம். "மொதல்ல இந்த ஊதா மை என்னான்னு கேட்டாரு. அதச் சொல்லவே ஒரு மணி நேரம் போச்சு," என்று சிரித்தாள். பிழை திருத்தச் சொல்லி அச்சுப்படி வந்தபோது அந்தப் பதினெட்டுப் பக்கத்தை ஆறு பக்கமாக வெட்டிக் குறைத்தேன். வானத்தை வெட்டினேன், வரலாற்றை வெட்டினேன். பிளாஸ்கை மட்டும் அவள் சொன்ன மாதிரியே எழுதினேன்.

அடுத்த வருடம் சீலைகளுக்கு நடுவில் புத்தகம் வந்தது. அவள் கேட்ட கூலி இரண்டு பிரதி. ஒன்று தனக்கு. மற்றதைக் கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு சார்ஜனிடம் போனாள்.

அவர் புத்தகத்தை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, ஒரு எழுத்தும் தெரியாத பக்கங்களைப் புரட்டினார். பிறகு அதை இராமலெட்சுமி பக்கம் திருப்பி, பிளாஸ்க் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்தார். முத்திரைக் கட்டையை எடுத்து அந்தப் பக்கத்தில் குத்தி, கையெழுத்து வைத்து, புத்தகத்தைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.